பார்ப்பதற்கும் கூலி வாங்குங்கள்: கடலூர், புதுச்சேரி கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மார்களுக்கும் தம்பிகளுக்கும்,

வணக்கம். கடலூரில் லாரன்ஸ் ரோடு, நேதாஜி சாலை, திருப்பாப்புலியூர், அந்தப் பக்கம் பாண்டியில் நேரு வீதி, காமராஜர் சாலை, முத்தியால்பேட்டை என்று எங்கெங்கோ கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் எல்லோருக்கும் எழுதுகிறேன். நான் மஞ்சக்குப்பத்தில் கல்யாண ஆல்பமும் வீடியோவும் செய்து கொடுக்கிறவன். எங்கள் தொழிலின் குடுமி உங்கள் கையில்தான் இருக்கிறது. அதனால் சண்டை போட வரவில்லை. கேட்க வந்தது ஒன்றுதான். கிராஷ் ஆகிறது என்று ஒரு மெஷின் வந்தால், ஃபார்மட் போடுவதற்கு (சி டிரைவைத் துடைத்து விண்டோஸைப் புதிதாக ஏற்றுவதற்கு) முன் ஏன் கிராஷ் ஆனது என்று பாருங்கள். பார்ப்பதற்குத் தனியாகக் காசு வாங்குங்கள். நாங்கள் கொடுக்கிறோம்.

எங்கள் ஆட்கள் உங்களிடம் வந்து பாடுவது பெரும்பாலும் ஒரே பாட்டு. "அண்ணே, ரெண்டர் பாதியில பிரீமியர் தானா மூடிக்குது." (பிரீமியர் வீடியோ எடிட் செய்யும் சாஃப்ட்வேர்; ரெண்டர் என்பது எடிட் செய்ததை ஒரே வீடியோவாக்கும் வேலை.) "ஸ்க்ரீன் ஒரு செகண்ட் கருப்பாயி வருது, வந்து பார்த்தா ஃபோட்டோஷாப்பக் காணோம்." "நீலமா ஏதோ வந்து ரீஸ்டார்ட் ஆயிடுது." சி.பி.யு.வை மேஜையில் வைப்பதற்குள் பதில் வந்துவிடுகிறது: "ஓ.எஸ். கரப்ட் ஆயிருக்கும், ஃபார்மட் போட்டுடலாம், சாயங்காலம் வாங்க." உங்களை மட்டும் குறை சொல்ல முடியாது. வருகிறவர்களில் பலர் வாசற்படியிலேயே "ஃபார்மட் பண்ணிக் குடுங்கண்ணே" என்று தாங்களே தீர்ப்பு எழுதிக்கொண்டுதான் வருகிறார்கள்.

ஃபார்மட் போட்டதும் மெஷின் நன்றாக ஓடுகிறது என்பதும் உண்மை. அதுதான் இதில் பெரிய வினையே. விண்டோஸ் புதிதாக ஏறிய கையோடு கிராஃபிக்ஸ் கார்டுக்குரிய டிரைவர், அதாவது திரையில் படம் காட்டும் அந்தக் கார்டையும் விண்டோஸையும் பேச வைக்கும் சாஃப்ட்வேர், பெரும்பாலும் இருக்காது. 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்ற பொதுவான டிரைவரில் படம் தெரியும், கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும். சும்மா இருக்கிற கார்டு எங்கே கிராஷ் ஆகப் போகிறது? அப்புறம் நெட் கிடைத்ததும் விண்டோஸ் அப்டேட் ஒரு டிரைவரை இறக்கும். பல நேரம் அது கார்டு நிறுவனத்தின் தளத்தில் இருப்பதைவிடப் பழையதாக இருக்கும். இல்லாவிட்டால் உங்கள் பென்டிரைவில் இருக்கும் டிரைவர் பேக்கிலிருந்து ஏதோ ஒரு வெர்ஷன் ஏறும். அந்த வெர்ஷன் நல்லதாக அமைந்துவிட்டால் ஒரு வாரம் நிம்மதி. பிறகு கார்டோடு வந்த ஆப் "புது டிரைவர் ரெடி" என்று கூப்பிடும், கடைப் பையன் ஓகே கொடுப்பான், பழைய குருடி கதவைத் திறடி. இங்கே நோய் தீர்ந்தது ஃபார்மட்டால் இல்லை, தற்செயலாக டிரைவர் வெர்ஷன் மாறியதால். அதே மாற்றத்தை டிவைஸ் மேனேஜரில் 'ரோல் பேக் டிரைவர்' பொத்தானை அழுத்தி ஐந்து நிமிடத்தில் செய்திருக்கலாம். ஃபார்மட் போட்ட பிறகு அந்தப் பொத்தான் மங்கிப்போய் நிற்கும். பின்னால் போவதற்குப் பழைய டிரைவர் எதுவும் மெஷினில் இருக்காதே.

போவது அந்தப் பொத்தான் மட்டுமா? விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'மினிடம்ப்' என்ற இடத்தில் நீலத் திரை வந்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோப்பு இருக்கும், அது போகும். விண்டோஸின் பதிவேடான ஈவன்ட் வியூவரில் தேதி, நேரத்தோடு பதிவானதெல்லாம் போகும். சாட்சியை ஊருக்கு அனுப்பிவைத்துவிட்டு வழக்கு விசாரிக்க உட்காருகிற கதைதான்.

எங்கள் தரப்பில் போவது இன்னொரு பட்டியல். சென்ற வைகாசியில் ஒரு கடையில் (பெயர் வேண்டாம், நல்ல மனிதர்) ஃபார்மட் ஆகி வந்த மெஷினில் ஒரு ஆல்பம் ஷீட்டைத் திறந்தேன். டேட்டா எல்லாம் பத்திரமாக டி டிரைவில் இருந்தது, அதில் குறை இல்லை. ஆனால் மணமகள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் கமாவும் அரைப்புள்ளியுமாக ஏதோ கிடந்தது. ஆல்பம் டிசைனில் இன்றும் பாமினி மாதிரியான பழைய தமிழ் எழுத்துருக்கள்தான் பாதி. ஃபான்ட் இல்லையென்றால் பெயர் இல்லை. ஆண்டுக்கணக்கில் சேர்த்த ஃபான்ட், ஆக்‌ஷன், கலர் பிரீசெட், பிளக்-இன் எல்லாம் சி டிரைவில்தான் குடியிருக்கின்றன. அவற்றை மறுபடி ஏற்றிச் சரிபார்க்கும் நேரத்தில் இரண்டு ஆல்பம் முடித்திருக்கலாம். அதன் பிறகும், ரெண்டர் போட்டதும் மெஷின் மறுபடி கருப்பாகிப் போனது என்பது தனிக் கதை.

இந்தக் கருப்பாகி மீளும் விஷயத்தைக் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் அதுதான் அதிகம் வருகிறது. விண்டோஸ் விஸ்டாவில் தொடங்கிய ஏற்பாடு இது. கார்டிடம் ஒரு வேலை கொடுத்து, 2 நொடிக்குள் அதனிடமிருந்து அசைவே இல்லை என்றால், கார்டு மாட்டிக்கொண்டது என்று விண்டோஸ் முடிவு கட்டி அதை ரீசெட் செய்யும். அந்த நேரத்தில்தான் திரை கருப்பாகிறது. சிஸ்டத்துக்கு உயிர் வந்துவிடும். ஆனால் கார்டை நம்பி வேலை செய்துகொண்டிருந்த சாஃப்ட்வேர் கையில் இருந்ததெல்லாம் போய்விடும். அந்த நிலையைச் சமாளிக்கத் தெரிந்த சாஃப்ட்வேர் தப்பிக்கும், தெரியாதது மூடிக்கொள்ளும். பிரீமியர் மட்டும் காணாமல் போய், பின்னால் ஓடிய பாட்டு நிற்காமல் ஓடுவது இதனால்தான். ஒரே நிமிடத்துக்குள் இப்படி 5 தடவைக்கு மேல் நடந்தால் விண்டோஸே கையைத் தூக்கிவிடும், நீலத் திரை வரும்.

இது நடந்ததற்கு ரசீது இருக்கிறது. ஈவன்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியில் 4101 என்ற எண்ணைத் தேடுங்கள். "டிஸ்ப்ளே டிரைவர் பதில் சொல்லவில்லை, மீட்டுவிட்டோம்" என்ற பொருளில் ஒரு வரி இருக்கும், கூடவே டிரைவரின் பெயரும் இருக்கும். என்.வி.எல்.டி.டி.எம்.கே.எம். என்றால் என்விடியா. ஏ.டி.ஐ. அல்லது ஏ.எம்.டி. என்று தொடங்கினால் ஏ.எம்.டி. கார்டு. ஐ.ஜி.டி. என்று தொடங்கினால் இன்டெல்லின் உள்ளமைந்த கிராஃபிக்ஸ். எண்ணெல்லாம் தேட நேரமில்லை என்றால், ஸ்டார்ட்டில் 'ரிலையபிலிட்டி' என்று தட்டினாலே நாள்வாரியாகச் சிவப்புப் பெருக்கல் குறிகளோடு ஒரு படம் வரும். எந்தத் தேதியில் என்ன ஏறியது, எந்தத் தேதியில் எது விழுந்தது என்று இரண்டும் ஒரே இடத்தில் தெரியும். செவ்வாய்க்கிழமை டிரைவர் ஏறியிருக்கிறது, புதன்கிழமையிலிருந்து சிவப்பு என்றால் அதற்கு மேல் ஆராய்ச்சி எதற்கு?

டிரைவர்தான் காரணமாக இருக்கும் என்று நான் அடித்துச் சொல்வதற்கு வரலாறு இருக்கிறது. விஸ்டா 2007-இல் வந்தபோது டிரைவர் எழுதும் முறையே மாறியது. அந்த ஆண்டு மைக்ரோசாஃப்ட்டிடம் பதிவான விஸ்டா கிராஷ்களில் சுமார் 29 சதவீதம் என்விடியா டிரைவரால் வந்தது, மைக்ரோசாஃப்ட்டின் சொந்தச் சரக்கால் வந்தது சுமார் 18 சதவீதம்தான். இது 2008-இல் ஒரு வழக்கில் வெளிவந்த அந்த நிறுவனத்தின் உள் மின்னஞ்சல்களில் இருந்த கணக்கு. 2010 மார்ச்சில் 196.75 என்ற டிரைவரைப் போட்ட சிலருக்குக் கார்டின் ஃபேன் சரியாகச் சுற்றாமல் சூடு ஏறியது. என்விடியா அதைத் திரும்பப் பெற்றது. 2015-இல் ஏ.எம்.டி.க்கும் ஃபேன் விஷயத்தில் இதே மாதிரி ஒரு தலைவலி வந்து, அவசரமாகத் திருத்தம் விட்டார்கள். 2025 தொடக்கத்தில் என்விடியாவின் 50 வரிசைக் கார்டுகளோடு வந்த 572 வரிசை டிரைவர்களில் திரை கருப்பாகும் புகார் குவிந்தது, ஹாட்ஃபிக்ஸ் மேல் ஹாட்ஃபிக்ஸாக வந்தது. புதுசு என்றால் நல்லது என்று யார் சொன்னது?

ஆனால் "எல்லாம் டிரைவர்தான்" என்று எழுதிவைத்துக்கொண்டால் அதுவும் ஃபார்மட் மாதிரியே கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலையாகிவிடும். இன்டெல் 13, 14ஆம் தலைமுறை ப்ராசஸர் விவகாரத்தை நினைத்துப் பாருங்கள். கேம் திறந்தால் "அவுட் ஆஃப் வீடியோ மெமரி" என்று பிழை வந்தது. அந்தப் பிழையைப் படித்தவர்கள் எல்லோரும் கார்டைத்தான் சந்தேகித்தார்கள், டிரைவரைத்தான் மாற்றினார்கள். 2024-இல் இன்டெல்லே ஒப்புக்கொண்டது: ப்ராசஸருக்குத் தேவைக்கு மேல் வோல்டேஜ் போகும்படி மைக்ரோகோட் (ப்ராசஸருக்குள் ஓடும் கட்டளைத் தொகுப்பு) இருந்திருக்கிறது. பயாஸ் (மதர்போர்டில் இருக்கும் தொடக்க சாஃப்ட்வேர்) அப்டேட் வழியாக அதைத் திருத்தினார்கள். ஏற்கெனவே கெட்டுப்போன சிப்பை அந்த அப்டேட் மீட்காது என்பதால் வாரண்டியையும் 2 ஆண்டு நீட்டினார்கள். நம் பக்கத்தில் அந்த ப்ராசஸரோடு நிற்கும் எடிட்டிங் மெஷினை ஃபார்மட் போட்டுப் போட்டு அனுப்பினால், வாடிக்கையாளர் வாரண்டியில் இலவசமாக வாங்கியிருக்கக்கூடிய சிப் காலம் கடந்து போகும். பிழைச் செய்தி ஒருவரைக் கைகாட்டும், குற்றவாளி பக்கத்து நாற்காலியில் இருப்பார்.

அப்புறம் வயதான கார்டுகள். என்விடியாவின் ஜி.டி. 710, பெரும்பாலான ஜி.டி. 730 எல்லாம் கெப்ளர் என்ற பழைய தலைமுறைச் சரக்கு. அவற்றுக்கு 470 வரிசைதான் கடைசி டிரைவர், பாதுகாப்புத் திருத்தங்கள்கூட 2024 செப்டம்பரோடு நின்றுவிட்டன. இன்றைக்கும் ஆல்பம் கடைகளில் எத்தனை 710 ஓடிக்கொண்டிருக்கிறது என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஜி.டி.எக்ஸ். 750 டி.ஐ., 1050 டி.ஐ., 1060 எல்லாம் அடுத்த வரிசையில் நிற்கின்றன. அவற்றுக்கு 580 கடைசி வரிசை, 2025 அக்டோபருக்குப் பிறகு பாதுகாப்புத் திருத்தம் மட்டும்தான், அதுவும் 2028 அக்டோபர் வரை. கார்டு கெடவில்லை, நன்றாகத்தான் இருக்கிறது. சாஃப்ட்வேர்தான் அதை விட்டுவிட்டு முன்னால் போய்விட்டது. 3டி சாஃப்ட்வேரான பிளெண்டர் 4.0, கார்டிடம் ஓப்பன்-ஜி.எல். 4.3 என்ற கிராஃபிக்ஸ் வசதியைக் கேட்கிறது, அது இல்லாத பழைய உள்ளமைந்த கிராஃபிக்ஸில் திறக்கவே திறக்காது. இதற்கு ஃபார்மட் போட்டு என்ன பயன்? பழைய கார்டுக்குப் பொருந்துகிற பழைய சாஃப்ட்வேர் வெர்ஷனிலேயே இருங்கள், அப்டேட்டை நிறுத்தி வையுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பிரீமியர் திறக்கும்போதே "உங்கள் டிரைவர் ஒத்துவராது" என்று ஒரு பெட்டி காட்டுகிறது. அதில் 'கன்டினியூ வித் நோன் இஷ்யூஸ்' என்று ஒரு பொத்தான். எங்கள் பையன்கள் அதைப் படிக்காமல் அழுத்திப் பழகிவிட்டார்கள். அதற்கு உங்களைச் சொல்லி என்ன செய்வது.

கார்டு வாங்கச் சொல்லும் யோசனையிலும் ஒன்று இருக்கிறது. இப்போது கேமராக்காரர்கள் பலர் 10 பிட், 4:2:2, எச்.265 என்ற, நிறத் தகவல் அதிகமுள்ள வீடியோ வடிவில் எடுக்கிறார்கள். டைம்லைனில் போட்டதும் மெஷின் உறைந்துபோகிறது. உடனே "கார்டு பத்தல, 3060 போடுங்க" என்று சொல்கிறீர்கள். 50 வரிசைக்கு முந்தைய என்விடியா கார்டு எதற்கும் இந்த 4:2:2-ஐ ஹார்டுவேரிலேயே பிரித்துப் படிக்கத் தெரியாது. இன்டெல் ப்ராசஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸுக்கு 11ஆம் தலைமுறையிலிருந்து தெரியும். ஆனால் அசெம்பிள் பண்ணும்போது கொஞ்சம் காசு குறைகிறதே என்று பெயருக்குப் பின்னால் 'எஃப்' போட்ட ப்ராசஸரை மாட்டிக் கொடுத்திருப்பீர்கள், அதில் உள்ளமைந்த கிராஃபிக்ஸே கிடையாது. எடிட்டிங் மெஷின் என்று வாடிக்கையாளர் சொன்னால் எஃப் வேண்டாம் என்று தயவுசெய்து நீங்களே சொல்லுங்கள். அவருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

லேப்டாப்பிலும் இதே கூட்டுக்குடும்பம்தான். இன்டெல் ஒன்று, என்விடியா ஒன்று. என்விடியாவை வாராவாரம் அப்டேட் செய்துவிட்டு, இன்டெல் டிரைவரை வாங்கிய நாளிலிருந்து தொடாமல் விட்டிருப்பார்கள். வீடியோ பிரித்துப் படிப்பது அந்தப் பழைய டிரைவர்தான், விழுவதும் அதுதான்.

நம் ஊருக்கென்று சில உண்டு. தேவனாம்பட்டினத்திலும் கடலூர் ஓ.டி.யிலும் (ஓல்ட் டவுன்) வைத்திக்குப்பத்திலும் கடல் காற்றில் இருக்கும் மெஷினில் கார்டின் கால்களை ரப்பர் போட்டுத் தேய்த்து மாட்டுகிறீர்களே, அதைக் கேலி செய்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது சரியான வைத்தியம். 2024 கடைசியில் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு ஈரம் வாங்கிய மெஷின்களில் அதுவே பலருக்குக் கைகொடுத்தது. அப்புறம் ஸ்கூட்டர். கடலூரிலிருந்து பாண்டிக்குச் சி.பி.யு.வைக் கால் வைக்கும் இடத்தில் நிறுத்தி, முழங்காலால் இடுக்கிக்கொண்டு ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம் வழியாக அத்தனை வேகத்தடையும் ஏறி இறங்கி வருகிறார்கள். செங்குத்தாக நிற்கும் போர்டில் கார்டு படுக்கைவாட்டில் தொங்கிக்கொண்டே வருகிறது. வந்து சேரும்போது அது ஸ்லாட்டில் ஒரு பக்கம் தூக்கி நிற்கிறது. கோளாறு எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று யாருக்குத் தெரியும்? போனில் கூப்பிடும்போதே "கார்டைக் கழற்றித் தனியா எடுத்துட்டு வாங்க" என்று சொல்லிவிடுங்கள்.

பவர் சப்ளை பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஸ்லாட் வழியாக 75 வாட்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பதும், 8 முள் வயர் ஒன்று 150 வாட் என்பதும் உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ரெண்டர் போட்டால் மட்டும் விழுகிற மெஷினில் முதலில் எஸ்.எம்.பி.எஸ்.ஸை (பவர் சப்ளையை) மாற்றிப் பார்க்கிற கடைக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு கும்பிடு. பழைய கார்டு கொண்டுவந்தால், கார்டின் விவரம் காட்டும் ஜி.பி.யு.-இசட் மென்பொருளை ஒருமுறை ஓடவிடுங்கள். கெப்ளருக்கும் முந்தைய ஃபெர்மி காலத்துக் கார்டில் பயாஸை மாற்றி 1050 டி.ஐ. என்று விற்றது உண்டு. அந்த மென்பொருள் 2018 முதல் அப்படிப்பட்டதற்குப் 'ஃபேக்' என்றே முத்திரை குத்திக் காட்டுகிறது. அந்தக் கார்டுக்கு எந்த டிரைவர் போட்டாலும் விடியாது.

இனி காசு. ஃபார்மட்டுக்கு 500 ரூபாய் கேட்டால் யாரும் மூச்சு விடுவதில்லை, கண்ணுக்குத் தெரிகிற வேலை. அரை மணி நேரம் லாக் படித்து, டிரைவரை ஒரு வெர்ஷன் பின்னால் தள்ளி, "சரியாயிடுச்சு" என்று சொல்லிவிட்டு 300 கேட்டால், "ஒண்ணுமே பண்ணலியே?" என்கிறார்கள். இந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் நீங்கள் ஃபார்மட் போடுகிறீர்கள் என்பது என் எண்ணம். நீங்களே சொல்லுங்கள், தப்பா? டாக்டருக்குக் கன்சல்டிங் ஃபீஸ் கொடுக்கிற ஊர்தான் இது. கடைச் சுவரில் ஒரு அட்டை மாட்டுங்கள்: கோளாறு பார்க்க இவ்வளவு, சரிசெய்ய இவ்வளவு, ஃபார்மட் கேட்டால் இவ்வளவு என்று. பார்க்கும் கூலியை முதலிலேயே வாங்கிவிடுங்கள். எங்கள் போட்டோகிராஃபர் நண்பர்களிடம் நான் பேசுகிறேன். ஒரு முகூர்த்த நாளில் மெஷின் படுத்தால் எங்களுக்குப் போவது எவ்வளவு என்று அவர்களுக்குத் தெரியும், இதற்கு யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

அந்தக் கூலிக்குப் பதிலாக எங்களுக்கு ஒரு துண்டுச் சீட்டு வேண்டும். பில்லின் பின்பக்கம் போதும். விண்டோஸ் எந்த வெர்ஷன், கார்டு எது, வரும்போது இருந்த டிரைவர் எண், போகும்போது இருக்கும் டிரைவர் எண், 4101 இருந்ததா, எஸ்.எம்.பி.எஸ். எத்தனை வாட். கையெழுத்துகூட வேண்டாம். அடுத்த தடவை மெஷின் விழுந்தால், நான் உங்களிடமே வந்தாலும் வேறு கடைக்குப் போனாலும், அந்தச் சீட்டைப் பார்த்ததும் எதிரில் இருப்பவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். எல்லாக் கடையும் எழுதினால், மூன்று கடையில் ஒரே டிரைவர் எண் தகராறு செய்வது ஒரே வாரத்தில் உங்களுக்குத் தெரிந்துவிடும். இப்போது அது யாருக்கும் தெரிவதில்லை. அவரவர் கடையில் அவரவர் ஃபார்மட்.

டிரைவரை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் முழுதாக மாற்றுங்கள். மேலே மேலே ஏற்றுவதைவிட, நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு, சேஃப் மோடில் டி.டி.யு. என்ற டிரைவர் துடைக்கும் மென்பொருளை ஓட்டிப் பழையதைத் துடைத்த பிறகு ஏற்றினால் பாதித் தகராறு வராது. நெட்டைப் பிடுங்காவிட்டால் துடைத்த கையோடு விண்டோஸ் அப்டேட் தன் சரக்கைக் கொண்டுவந்து வைத்துவிடும். என்விடியா என்றால் கேம் ஆடுகிறவர்களுக்கான கேம் ரெடி டிரைவர் வேண்டாம், 2019 முதல் தனியாக வருகிற ஸ்டுடியோ டிரைவரைப் போடுங்கள். அது அடிக்கடி வராது, எங்களுக்கு அடிக்கடி வேண்டியதும் இல்லை.

எப்போது மாற்றுவது என்பதற்கும் எனக்கு ஒரு யோசனை உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் நம் பக்கம் கல்யாணம் இல்லை. எடிட்டிங் மெஷின் டிரைவரை அந்த இரண்டு மாதத்தில் மட்டும் தொடுங்கள். மாற்றியது தகராறு செய்தாலும் சரிசெய்ய நாள் இருக்கும். தை பிறந்துவிட்டால் ஆனி முடியும்வரை, டிரைவர் அப்டேட் என்று யார் கேட்டாலும், நானே வந்து கேட்டாலும், கோளாறு எதுவும் இல்லையென்றால் போட்டுக் கொடுக்காதீர்கள்.

வருகிற மார்கழியில் என் இரண்டு மெஷினையும் கொண்டுவருகிறேன். பார்க்கும் கூலி எவ்வளவு என்று அட்டையில் எழுதி வையுங்கள்.

இப்படிக்கு,
கல்யாண ஆல்பம் செய்கிறவன்,
மஞ்சக்குப்பம், கடலூர்.